முதல் இழுப்புக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

காலையில் கடை திறப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஷட்டர் முழுக்க இரும்பு. எடை ஐம்பது அறுபது கிலோவுக்குக் குறையாது. ஆனாலும் பூட்டைக் கழற்றி ஒரு கையால் தூக்கிவிட்டால் கடகடவென்று மேலே ஏறிவிடுகிறது. முந்தின நாள் இரவு அதைக் கீழே இழுத்து மூடியபோது, மேலே உருளைக்குள் இருக்கும் சுருள் ஸ்பிரிங் முறுக்கேறிக்கொண்டது. அந்த முறுக்குதான் காலையில் கை கொடுக்கிறது.

குதிரை டிராமுக்கும் இப்படி ஒன்றைச் செய்துவிட முடியாதா என்று சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நகரங்களில் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வண்டியை நிறுத்தும்போது வீணாகும் வேகத்தை ஒரு ஸ்பிரிங்கில் பிடித்து வைத்து, மறுபடி கிளம்பும்போது சக்கரத்துக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது யோசனை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கார் ஸ்டார்ட்டர். அங்கே அப்போது கார் என்றால் டிராம் வண்டி.

அந்தக் கருவி ஒன்றை, ஓடக்கூடிய பாதி அளவு டிராம் வண்டியில் பொருத்தி, பள்ளிப் பிள்ளைகள் தொட்டு இழுத்துப் பார்க்கும்படி செய்து முடிக்கத்தான் இந்த நன்கொடை வேண்டுகோள். நாங்கள் மும்பையில் வாழும் தமிழர்கள் பதினொரு பேர். ரயில்வே பட்டறையில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் இருக்கிறார், ஷட்டர் வேலை பார்ப்பவர் இருக்கிறார், இயற்பியல் ஆசிரியை இருக்கிறார், தச்சர் இருக்கிறார். மற்றவர்கள் தூக்கிப் பிடிக்கவும் டீ வாங்கி வரவும்.

மும்பைக்காரர்களுக்கு என்ன குதிரை டிராம் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் டிராம் முதன்முதலில் ஓடியது 1874 மே 9-ஆம் தேதி, குதிரைகள் இழுத்துத்தான். கொலாபாவிலிருந்து கிராஃபோர்டு மார்க்கெட் வழியாகப் பைதோனிக்கு ஒரு தடம், போரி பந்தரிலிருந்து கல்பாதேவி வழியாகப் பைதோனிக்கு இன்னொன்று. உரிமம் வாங்கி நடத்தியது ஸ்டெர்ன்ஸ் அண்ட் கிட்ரெட்ஜ் என்ற கம்பெனி. அவர்கள் லாயத்தில் 900 குதிரைகள் நின்றதாகச் சொல்வார்கள். அந்த ஜார்ஜ் கிட்ரெட்ஜ் ஓர் அமெரிக்கர். 1880-களில் பார்சி சமூக சீர்திருத்தவாதி சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலியோடு சேர்ந்து, இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைக் கொண்டுவர நிதி திரட்டியவரும் இவரே. டிராம்காரரே நன்கொடை திரட்டிய ஊர் இது. நாங்கள் கேட்பதில் வெட்கமில்லை.

1905 வரை, 31 ஆண்டுகள் இந்தத் தெருக்களில் குதிரைகள் டிராம் இழுத்தன. 1907-இல் மின்சார டிராம் வந்தது. சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எங்கள் குழுவில் ஒருவர் வாரம் ஒருமுறையாவது நினைவூட்டிவிடுவார்.

சரி, குதிரைக்கு என்ன கஷ்டம்? தண்டவாளத்தில் ஓடும் வண்டி லேசானதுதான். மண் சாலையில் இழுப்பதைவிடப் பல மடங்கு பாரத்தை அதே குதிரை தண்டவாளத்தில் இழுத்துவிடும். கஷ்டம் ஓடுவதில் இல்லை, கிளம்புவதில்.

எங்கள் ஆசிரியை போட்ட கணக்கு இது. காலி வண்டி 2 டன், முப்பது பேர் ஏறினால் இன்னும் 2 டன். மொத்தம் 4 டன், வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இழுக்க 40 கிலோ இழுவை இருந்தால் போதும். இரண்டு குதிரைகளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து ஐந்து நொடியில் அந்த வேகத்துக்குக் கொண்டுவர 220 கிலோ இழுவை வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல். மெதுவாகக் கிளப்பினால் இது குறையும்தான், ஆனால் பின்னால் வரும் வண்டிக்காரன் சும்மா இருக்கமாட்டான். கிரீஸ் உறைந்த பழங்காலத்து அச்சுப் பெட்டியும் தண்டவாளப் பள்ளத்தில் அடைந்த சேறும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

தெருமுனைக்குத் தெருமுனை ஒருவர் கையைக் காட்டுவார். வண்டி நிற்கும். திரும்ப அந்த முதல் இழுப்பு. கல் பாவிய ஈரத் தெருவில் லாடம் வழுக்கும். தொடை, முழங்கால், தோள் எல்லாம் அந்த ஒரு கணத்தில்தான் தேய்ந்தன. ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஒரு குதிரையை ஓட்ட முடியாது. அதனால் ஒரு வண்டிக்கு ஏழெட்டுக் குதிரைகள் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நாலைந்து ஆண்டுகளில் அந்த வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விடும். நியூயார்க்கில் 1866-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்க், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய டிராம்களை நடுத்தெருவில் மறித்து நிறுத்தினார். 1872-இல் வட அமெரிக்கா முழுக்கக் குதிரைக் காய்ச்சல் பரவியபோது நகரங்களே முடங்கின. மனிதர்கள் வண்டி இழுத்தார்கள். குதிரையின் பாரத்தைக் குறைக்கும் எந்தக் கருவிக்கும் அன்று மதிப்பு இருந்ததில் ஆச்சரியமில்லை. கார் ஸ்டார்ட்டருக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் ஏராளம்.

அவற்றில் பெரும்பாலும் இரண்டு சாதி. ஒன்றில் சேமிப்பே கிடையாது: குதிரை இழுக்கும் சங்கிலி முதலில் ஒரு நெம்புகோலை இழுக்கும், அது ராட்செட் (ஒரு பக்கமாக மட்டுமே திரும்பவிடும் பல்சக்கரம்) வழியாகச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். கடப்பாரையால் கல்லைப் புரட்டுகிற அதே தந்திரம். இரண்டாவது சாதிதான் எங்களைப் பிடித்துக்கொண்டது: பிரேக் போடும்போது அச்சு ஒரு ஸ்பிரிங்கை முறுக்கும், நாக்கு போன்ற ஒரு இரும்புத் துண்டு விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும், கிளம்பும்போது நாக்கை எடுத்துவிட்டால் ஸ்பிரிங் அச்சைத் திருப்பும்.

படிக்க எளிது. நாங்களும் எளிது என்றுதான் நினைத்தோம். சோதனைக்காகப் பட்டறைத் தரையில் பத்து மீட்டர் இரும்புப் பட்டை பதித்து, ஒரு தள்ளுவண்டிக்கு ஷட்டர் ஸ்பிரிங் மாட்டினோம். தள்ளி ஓடவிட்டோம், ஸ்பிரிங் முறுக்கேறி வண்டி அழகாக நின்றது. எல்லோரும் கைதட்டினோம். நாக்கை எடுத்தோம். வண்டி பின்னால் ஓடி வந்து டீ கிளாஸ்கள் இருந்த ஸ்டூலைச் சாய்த்துவிட்டது.

யோசித்தால் சின்ன விஷயம். முன்னால் சுற்றி முறுக்கிய ஸ்பிரிங், பிரியும்போது பின்னால்தான் சுற்றும். பிள்ளைகள் விளையாடும் பொம்மைக் காரைப் பாருங்கள்: பின்னால் இழுத்து முறுக்குகிறோம், அதனால்தான் அது முன்னால் ஓடுகிறது. டிராமோ முன்னால் ஓடிக்கொண்டே முறுக்கி, முன்னாலேயே ஓட வேண்டும். அப்படியென்றால் முறுக்க ஒரு வழி, பிரிய இன்னொரு வழி. நடுவில் திசையை மாற்ற ஒரு பல்சக்கரம் கூடுதலாக. இரண்டு வழிக்கும் மாறி மாறிக் கோத்துக்கொள்ள ஒரு கிளட்ச். இத்தனையும் தெருச் சேற்றுக்கும் சாணத்துக்கும் மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்க வேண்டும். போதாக்குறைக்கு, தடம் முடிந்ததும் வண்டியைத் திருப்பமாட்டார்கள். குதிரையை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டுவார்கள். முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். கருவி அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இதோடு ஸ்பிரிங்கின் எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 4 டன் வண்டி ஓடும்போது அதில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 10,000 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை ஆறு மாடிக்குத் தூக்குகிற வேலை. நல்ல எஃகு ஸ்பிரிங் ஒரு கிலோவுக்கு நூறு ஜூல் பிடித்துவைத்தால் அதிகம். முழுவதையும் பிடிக்க 100 கிலோ எஃகு வேண்டும். பல்சக்கரமும் பெட்டியும் சேர்ந்தால் இருமடங்கு. மூன்று பயணிகளைக் காசு வாங்காமல் நாள் முழுக்க ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். உராய்வில் பாதி போய்விடும். அவசரத்துக்குக் கைப்பிரேக்கும் இருந்தாக வேண்டும். ஓட்டுநர் கை பழக்கத்தில் அதற்கே போனால் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் சேராது.

எங்கள் கணிப்பில், கருவியைத் தோற்கடித்தது கணக்கு அல்ல, சேறும் பராமரிப்பும்தான். இவையெல்லாம் தீர்வதற்குள் பொறியாளர் ஃபிராங்க் ஸ்ப்ரேக் 1888-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராமை ஓட்டிக் காட்டிவிட்டார். பிறகு குதிரைக்கு யார் ஸ்பிரிங் வாங்குவார்கள்? இருந்தும் நியூயார்க்கில் கடைசிக் குதிரை டிராம் 1917 வரை ஓடியது.

தோற்றுப்போன கருவியை ஏன் செய்கிறீர்கள் என்று எங்கள் வீடுகளிலேயே கேட்கிறார்கள். யோசனை தோற்கவில்லை. இன்று நீங்கள் ஏறும் மும்பை லோக்கல், ஸ்டேஷனில் நிற்கப் பிரேக் போடும்போது ஒரு பங்கு மின்சாரத்தை மேலே போகும் கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. சுவிட்சர்லாந்தில் 1950-களில் ஒன்றரை டன் எடையுள்ள சுழல்சக்கரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினார்கள். ஆனால் மின்சாரத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிங்கில் எல்லாம் தெரியும்: முறுக்கேறுவது தெரியும், நாக்கு விழும் சத்தம் கேட்கும், விட்டால் கயிறு கையில் லேசாவது புரியும்.

அதனால்தான் படம் வரைந்த பலகை போதாது என்கிறோம். எங்கள் வண்டியை இழுக்கப்போவது குதிரை அல்ல, பிள்ளைகளே. கயிற்றின் நடுவில் ஒரு தொங்கு தராசு. ஸ்டார்ட்டர் இல்லாமல் ஒருமுறை, ஸ்டார்ட்டரோடு ஒருமுறை. திசைமாற்றும் பல்சக்கரம் போட்ட பிறகு எங்கள் சோதனை வண்டியில், நாலு பேர் உட்கார்ந்திருக்க, முதல் இழுப்பில் 14 கிலோ காட்டிய முள் ஸ்டார்ட்டரோடு 8 கிலோவில் நின்றது. நிஜக் குதிரை வைத்தால் கூட்டம் வரும் என்று ஒரு யோசனை குழுவில் எழுந்தது. குதிரையின் பாரத்தைக் குறைக்கப் பிறந்த கருவியைக் காட்டக் குதிரையை வெயிலில் நிறுத்துவதா என்று அதை அன்றே கைவிட்டோம். நிஜக் குதிரை டிராமைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஐல் ஆஃப் மேன் தீவின் டக்ளஸ் கடற்கரைக்குப் போகலாம். 1876-இல் தொடங்கிய தடம் அது. அங்கே வண்டி அச்சுகளில் ரோலர் பேரிங் போட்டுக் குதிரையின் சுமையைக் குறைத்தார்கள், வேலை ஓய்ந்த குதிரைகளுக்கென்று ஓர் இல்லமும் உண்டு.

இனி பணம். மொத்த மதிப்பீடு 3,40,000 ரூபாய். பெரிய செலவு, பள்ளிகளுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி வாடகையும் தமிழ், மராத்தி, இந்தி விளக்கப் பலகைகளும்: 75,000. கழற்றி மாட்டக்கூடிய 30 மீட்டர் தண்டவாளத்துக்கு 70,000. பல்சக்கரம், ராட்செட், கிளட்ச் மூன்றும் வெளியே வெட்ட வேண்டியவை; அவற்றுக்கு 62,000. மர உடல் 60,000. தச்சர் கூலி வாங்கவில்லை, இது மரத்துக்கும் வார்னிஷுக்கும் மட்டும். சக்கரம், அச்சு, பேரிங் 55,000. ஸ்பிரிங்குகளும் அவற்றை மூடும் இரும்புக் கூண்டும் 18,000. இந்தக் கூண்டில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டோம். முறுக்கேறிய ஸ்பிரிங் தெறித்தால் என்ன ஆகும் என்று ஷட்டர் வேலை பார்ப்பவரின் இடது கைப் பெருவிரல் சொல்லும்.

பதினொரு பேரும் போட்டது 1,12,000. இன்னும் வேண்டியது 2,28,000. செலவைக் குறைக்க, கருவியை ஒரு திசைக்கு மட்டுமே செய்கிறோம். தடத்தின் முடிவில் வண்டியைக் கையால் திருப்பிக்கொள்வோம். பழையவர்கள் பட்ட இரட்டைத் திசைச் சிக்கலைப் பலகையில் படமாக விளக்கிவிடுவோம். யாராவது அதற்கும் சேர்த்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

நூறு ரூபாயும் நன்கொடைதான். பணமாகத் தர முடியாதவர்கள் பொருளாகத் தரலாம்: பழைய ஷட்டர் ஸ்பிரிங் (துருப்பிடித்தாலும் பரவாயில்லை, விரிசல் மட்டும் கூடாது), 40 மில்லிமீட்டர் அச்சுக்கான பேரிங், தேக்கு அல்லது சால் மரத் துண்டுகள். பல்சக்கரம் வெட்டும் பட்டறை வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினைக் கொடுத்தால் பல்சக்கரச் செலவு குறையும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கமாட்டோம். வரவுசெலவு மாதக் கடைசியில் பட்டறைச் சுவரில் ஒட்டப்படும். வேலை நின்றுபோனால் மீதியை அவரவருக்குத் திருப்பிவிடுவது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். பள்ளிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. வண்டி இறங்க ஒரு மைதானமும் மூன்று மணி நேரமும் தந்தால் போதும்.

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்பவர்கள் எந்த ஞாயிறு காலையிலும் எங்கள் பட்டறைக்கு வரலாம், சோதனை வண்டி அங்கேதான் நிற்கிறது. தராசை நீங்களே பிடித்து இழுத்துப் பாருங்கள். செருப்போடு வராமல் ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். தரையெல்லாம் இரும்புச் சீவல்.

இப்படிக்கு,
குழுவினர் பதினொருவர்