கிண்டியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலோகம் தாங்கிய நொதிகள் (என்சைம்கள்) பற்றி ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ்ஸில்தான் எங்கள் பக்கத்துக்கு உங்கள் நாளிதழ் வருகிறது. காத்திருந்து வாங்கியது வீண்போகவில்லை. ஆனால் யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதியின் கதையை அமெரிக்காவில் தொடங்கி ஆஸ்திரேலியாவில் முடித்துவிட்டீர்கள். அது முடிந்த இடம் கிண்டி.

அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் இடக்கைப் பழக்கக்காரர். 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டடி பட்டு அந்த இடக்கையையே இழந்தவர். 1917இல் தொடங்கிய வேலையை ஒற்றைக் கையோடு ஒன்பது ஆண்டுகள் செய்து, 1926இல் ஜாக் அவரை என்னும் பயற்றின் மாவிலிருந்து யூரியேஸைப் படிகமாக எடுத்தார். நொதி என்பது புரதமே என்றார். ஜெர்மன் வேதியியலாளர் வில்ஸ்டாட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. நோபல் பரிசு 1946இல்தான் வந்தது. அந்தப் புரதத்துக்குள் நிக்கல் இருக்கிறது என்று குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தது 1975இல். சம்னர் கையிலிருந்த படிகத்திலும் அது இருந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. இதுவரை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

எழுதாதது இது. பாக்டீரியா யூரியேஸின் அமைப்பு 1995இல் அமெரிக்காவில் தெரிந்துவிட்டது. சம்னரின் அவரை யூரியேஸ் மட்டும் பிடிபடாமலே இருந்தது. அதன் முப்பரிமாண அமைப்பை 2010இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகப் படிகவியல் துறையினர், ஜி.என். ராமச்சந்திரன் வளர்த்த துறை அது. ஆறு கூறுகள், கூறுக்கு இரண்டு நிக்கல் அணுக்கள், இரண்டும் பக்கம் பக்கமாக. யூரியா அங்கே வந்து மாட்டிக்கொள்ள, நிக்கல்களுக்கு இடையில் நிற்கும் நீரின் துணுக்கு அதைத் தாக்கி உடைக்கிறது. அம்மோனியா பிரிகிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியில் 27 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். ஜாக் அவரை என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள். நம் வேலியில் படரும் தம்பட்டை அவரையின் பங்காளி என்பேன். ஓ, வாளரிப்பயறா என்பார்கள். பரிசோதனைக்கு ஆய்வகம்கூட வேண்டாம். காய்ந்த தர்பூசணி விதையை இடித்து, தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, யூரியாக் கரைசலில் கலந்து மூடி வைத்தால் போதும். சற்று நேரம் கழித்து மஞ்சள் தடவிய தாளைத் தோய்த்தால், பிரிந்த அம்மோனியாவின் காரத்தால் அது சிவக்கும். விதைச் சாற்றைக் கொதிக்க வைத்து ஊற்றினால் நொதி கெட்டுவிடும், தாள் மஞ்சளாகவே இருக்கும். இந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் நொதியை நம்புவார்கள்.

கேரளம் என்றாலே புளிப்பு மண் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம் கரிசல், காரத்தன்மை உள்ளது. இங்கே யூரியாவை ஈரமண்ணின் மேலே தூவிவிட்டு மூடாமல் வந்தால் மறுநாள் வரப்பில் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். யூரியாவுக்கு மணமே கிடையாது. நெடி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் செய்த வேலை. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறத்தாழ 20 கிலோதான், அதிலும் ஒரு பங்கு இப்படிக் காற்றோடு போகிறது. வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, போகாது என்று என் வீட்டுக்காரர் இன்றும் வாதாடுகிறார். அந்தப் பூச்சு முக்கியமாகத் தாமதப்படுத்துவது அடுத்த கட்டத்தை, அதாவது மண்ணில் அம்மோனியம் என்பது நைட்ரேட் என்பதாக மாறுவதை. யூரியேஸை அது பெரிதாகத் தடுப்பதில்லை. மண்ணுக்குள் மூடிவிடுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அவரே இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயிற்று எரிச்சலோடு கோவையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டார். இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் வைத்தார்கள். அது சிவந்தது. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமி அங்குள்ள அமிலத்தில் பிழைத்திருப்பதே தன் யூரியேஸால் அம்மோனியா உண்டாக்கிக்கொண்டுதான். 'உன் மஞ்சள் தாள் இங்கேயும் வந்துவிட்டது' என்றார், படுத்தபடியே. என் பாடத்தை அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

கிண்டி ஆய்வைப் பற்றி ஒரு பத்தியாவது அடுத்த ஞாயிறு வெளியிடுங்கள். கட்டுரையில் மூன்று இடங்களில் 'நிக்கில்' என்று அச்சாகியிருக்கிறது, அதையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
எருத்தேம்பதி, பாலக்காடு மாவட்டம்.