கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மகளுக்கு ஒரு கடிதம்

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தீர்ந்துவிட்டது, அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். வாடை தொடங்கிவிட்டது. வடகடல் கொந்தளிக்கிறது, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை, சின்னவன் வீட்டில் உட்கார்ந்து வலை பார்க்கிறான். 2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, நீ இன்னும் அதில் ஒரு தடவைகூட வரவில்லை. சரி, உன்னால் இப்போது பயணம் பண்ண முடியாது, தெரியும். வேளைக்குச் சாப்பிடு. இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். தூங்குகிறாள் மாமா என்கிறார். காலையிலும் தூங்குகிறாள், சாயங்காலமும் தூங்குகிறாள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதை நீ பார்த்துவிட்டாய் என்று நீல நிறத்தில் காட்டுகிறது, பதில் இல்லை. அதனால்தான் தாளை எடுத்தேன். எழுதி முடித்ததும் சின்னவனை விட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன், தபாலிலும் போடுவேன், எது முதலில் வந்தாலும் முழுசாகப் படி.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருகிறது. முள்ளெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணியாகிவிட்டது. நம் தாத்தா கல்லறைக்குச் சின்னவன் சுண்ணாம்பு அடித்தான், அந்தச் சிலுவையில் ஒரு கை உடைந்திருந்ததே, அதையும் சிமெண்டு வைத்து ஒட்டிவிட்டான். இந்த மாதம் முழுவதும் பூசையில் நினைப்பதற்காக, செத்தவர்கள் பேரை எழுதி உறையில் போட்டு சாமியாரிடம் கொடுக்க வேண்டும், உனக்குத் தெரியும். நான் உபதேசியாராக மறைக்கல்வி சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்த காலத்தில் ஊர் முழுக்கப் பேர் வாங்கி எழுதியவன். இந்த வருஷம் நம் வீட்டுப் பட்டியலை எழுத உட்கார்ந்தேன், தாத்தா பேர், அப்பத்தா பேர், தனுஷ்கோடியில் போன அப்பத்தாவின் தம்பி பேர் என்று எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தனுஷ்கோடிக்காரர் கதை உனக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி. எனக்கு ஆறு வயது. பாம்பனிலிருந்து போன ரயிலே கடலோடு போனது என்றால் மனிதர் எம்மாத்திரம். அவர் உடம்பு கிடைக்கவேயில்லை. அப்பத்தா அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், மண்ணில் வைக்காத உடம்புக்கு மோட்சம் உண்டா என்று. அப்போது இருந்த சாமியார் திருவெளிப்பாடு இருபதாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துக் காட்டினார், கடைசி நாளில் கடல் தன்னிடம் இருக்கிற இறந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று எழுதியிருக்கிறது. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, அந்தப் பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். கடற்கரையில் பிறந்தவர்களுக்கென்றே எழுதி வைத்த வசனம் அது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உனக்கு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்ததைத்தான் மறுபடி சொல்கிறேன், கேள். சாகிற நிமிஷத்தில் ஆத்துமா தூங்கப் போவதில்லை, அலைவதும் இல்லை. ஆண்டவருக்கு முன்னால் நிற்கிறது, அவரவருக்கு அப்போதே கிடைக்கிற தீர்ப்பு, அது தனித்தீர்வை. மோட்சம், மோட்சத்துக்கு முன்னால் ஆத்துமா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம், நரகம் என்று மூன்று சொன்னோம். உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சின்ன நரகம் மாதிரி நம் ஊரில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், அது தப்பு. அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் மீட்கப்பட்டவர்கள், மோட்சத்துக்குப் போவது உறுதியானவர்கள். இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் 1999இல், அது ஒரு இடம் இல்லை, ஒரு நிலை என்று சொன்னார். அதற்குப் பின் வந்த பெனடிக்ட் பாப்பரசர் 2007இல், சுத்திகரிக்கிற அந்த நெருப்பு கிறிஸ்துவேதான் என்று இறையியல் படித்தவர்கள் சிலர் கருதுவதை எடுத்துச் சொல்லி எழுதினார். அவரை நேருக்கு நேர் பார்க்கும்போது நம்மிடம் இருக்கிற பொய்யெல்லாம் எரிந்துபோகும். வலிக்கும், ஆனால் பிழைக்க வைக்கிற வலி. செத்தவர்களுக்காகப் பூசை கொடுப்பது அதற்குத்தான். மக்கபேயர் ஆகமத்தில் யூதா, போரில் செத்த தன் ஆட்களின் பாவத்துக்காக இரண்டாயிரம் வெள்ளிக்காசு வசூல் பண்ணி எருசலேமுக்கு அனுப்பினாரே, அவ்வளவு பழைய பழக்கம். உன் மாடி வீட்டு சபைக்காரம்மா அது பைபிளிலேயே இல்லை என்று சொல்கிறாளாம், மாப்பிள்ளை சொன்னார். அவர்கள் வைத்திருக்கிற பைபிளில் அந்த ஆகமம் இல்லை, நம்முடையதில் இருக்கிறது. அதற்காக அவளோடு சண்டைக்குப் போகாதே. உனக்கு ரசம் வைத்துக் கொடுத்தவள் அவள்தான் என்றும் கேள்விப்பட்டேன்.

பாப்பா, இதெல்லாம் நான் எழுத வந்தது இல்லை. சுற்றிச் சுற்றி வருகிறேன்.

உன் பெரிய அத்தை உன்னிடம் போனில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைக்கு மோட்சம் இல்லை, இருட்டும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் ஓரத்தில் கிடக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டாளா, நீ நர்ஸ்தானே, உனக்குத் தெரியாதா, கொஞ்சம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையா என்றும் கேட்டிருக்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் கெட்டவள் இல்லை, அந்தக் காலத்தில் படித்த பாடத்தை அப்படியே வைத்திருக்கிறாள், ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா.

நீ ஆபரேஷன் முடிந்து நினைவில்லாமல் கிடந்தாய். பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மாப்பிள்ளை இரண்டு கதவுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் போய்விட்டது. இதில் யார் மேல் குற்றம்? நீ உன் வார்டில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு, பெற்றவர்கள் கெஞ்சிக் கேட்டபோது, தலையில் தண்ணீர் ஊற்றி பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே என்று அவசர ஞானஸ்நானம் கொடுத்தவள். அதை நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, ஒரு உபதேசியார் மகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் கொடுத்தேன், என் பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லையே என்றுதான் நீ பேசாமல் இருக்கிறாய். வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. நான் அதைப் போனில் கேட்டால் நீ வைத்துவிடுவாய்.

அத்தை சொன்ன அந்த ஓரத்துக்குப் பேர் லிம்போ. அதைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுகிறேன். அது ஒருநாளும் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை. ஜென்ம பாவம் எல்லாருக்கும் உண்டு, அதைப் போக்குவது ஞானஸ்நானம், அப்படியானால் அது இல்லாமல் சாகிற குழந்தை என்ன ஆகும் என்று பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். புனிதரான அர்ச். அகுஸ்தீனார் ரொம்பக் கடுமையாகச் சொன்னார், அந்தக் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசான தண்டனை என்று. பிற்பாடு வந்தவர்களுக்கு அது மனசு ஒப்பவில்லை. அர்ச். தோமையார் அக்வினாஸ் காலத்தில், வேதனை இல்லை, ஒருவிதமான இயல்பான சந்தோஷம் உண்டு, கடவுளை நேராகப் பார்க்கிற பாக்கியம் மட்டும் இல்லை என்று ஒரு இடத்தை யோசித்து வைத்தார்கள். அது படித்தவர்களின் கருத்து. அதைத்தான் நம் ஊர்வரைக்கும் கொண்டுவந்து வேதம் மாதிரி சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலச் சட்டத்தில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோயில் அடக்கம் கிடையாது. உன் அப்பத்தாவுக்கு எனக்கு முன்னால் ஒரு பிள்ளை அப்படிப் போனது. கல்லறைக்கு வெளியே வேலி ஓரம் பனைமரத்தடியில் புதைத்தார்கள். கல்லறைத் திருநாள் அன்றைக்கு ஊரே உள்ளே மெழுகுவர்த்தி வைக்கும், அப்பத்தா உள்ளேயும் வைத்துவிட்டு வெளியே போய் மணலில் ஒன்று நட்டுவிட்டு வருவாள். யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டாள். சாமியார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்.

அந்தச் சட்டம் மாறிவிட்டது. 1983இல் வந்த புதுச் சட்டத்தில், பெற்றவர்கள் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தார்கள் என்றால், ஆயர் அனுமதியோடு அந்தப் பிள்ளைக்குக் கோயில் அடக்கம் உண்டு. பூசைப் புத்தகத்திலேயே அப்படிப்பட்ட குழந்தைக்கென்று தனி ஜெபம் இருக்கிறது. 1992இல் வந்த மறைக்கல்வி ஏடு லிம்போ என்ற பேரையே எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத் திருச்சபை கடவுளுடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்கிறது, சிறு பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள், தடுக்காதீர்கள் என்று ஆண்டவர் சொன்னதையும் அங்கேயே எடுத்துக் காட்டுகிறது. அதே ஏட்டில் இன்னொன்று இருக்கிறது, அதைப் படித்த அன்றைக்கு அடிக்கோடு போட்டேன்: கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்து வைத்தார், ஆனால் அவர் தம்முடைய தேவதிரவிய அனுமானங்களால், அதாவது ஞானஸ்நானம் மாதிரியான திருச்சடங்குகளால், கட்டுப்பட்டவர் இல்லை. நாம்தான் கட்டுப்பட்டவர்கள், அவர் இல்லை. பிறகு 2007இல் உரோமையில் இறையியல் குழு இதற்கென்றே ஒரு பத்திரம் எழுதி, பாப்பரசர் சம்மதத்தோடு வெளியிட்டார்கள். இந்தக் குழந்தைகள் மோட்சத்தில் கடவுளைக் காண்பார்கள் என்று நம்புவதற்குப் பலமான காரணம் இருக்கிறது என்று சொல்கிறது. நிச்சயமாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை, நம்பிக்கை என்றுதான் சொல்கிறது. உன்னிடம் பொய் சொல்லக்கூடாது என்பதற்காக அதையும் எழுதுகிறேன். ஆனால் பாப்பா, நம் வேதத்தில் நம்பிக்கை என்றால் சும்மா ஆசைப்படுவது இல்லையே.

மாசில்லாக் குழந்தைகள் திருநாள் டிசம்பர் 28. ஏரோது வெட்டிப்போட்ட பெத்லகேம் பிள்ளைகள். அவர்களுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? அவர்களைத் திருச்சபை அர்ச்சியசிஷ்டவர்கள், புனிதர்கள் என்று பீடத்தில் வைத்துக் கும்பிடுகிறது. பெரிய அத்தையிடம் இதைத்தான் கேட்டேன், பதில் வரவில்லை.

உன் பிள்ளைக்கு உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை, அது செய்த பாவம் ஒன்றும் கிடையாது. அதன் ஆத்துமாவுக்கு என்ன ஆச்சோ என்று நீ ராத்திரி விழித்திருக்க வேண்டாம். அழு, அது வேறு. அழாமல் இருக்காதே. ஆண்டவரே லாசரு கல்லறையில் அழுதார், எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். ஆனால் பயப்படாதே.

ஓரியூரில் வேதசாட்சி அருளானந்தரிடம் உனக்காக நேர்ந்துகொண்டதை நினைத்து அம்மாவுக்கு ஒரு வருத்தம். அருளானந்தர் கேட்கவில்லையே என்கிறாள். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பிள்ளை, அவள் அப்படித்தான் சொல்வாள். அவரையே 1693இல் அந்த மண்ணில்தான் வெட்டினார்கள், நல்லபடி அடக்கம்கூடக் கிடைக்கவில்லை, அவரிடம் கோபித்துக்கொண்டு என்ன பண்ணுவது என்றேன். நேர்ச்சையைப் பிப்ரவரியில் நாங்கள் போய்ச் செலுத்திவிட்டு வருவோம். நீ அதைப் பற்றி யோசிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே. மாத்திரையை மறக்காதே. மாப்பிள்ளையும் அந்தப் பிள்ளையைத் தூக்கியவர், கீழ்ப்பாக்கம் கல்லறையில் குழியில் வைத்தவரும் அவர்தான், அவரோடாவது பேசு. இரண்டாம் தேதி அவர் அங்கே போகப்போகிறாராம். நடக்க முடிந்தால் நீயும் போ. முடியாவிட்டால் வீட்டிலிருந்தே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல், போதும்.

பட்டியலில் நின்றுபோனேன் என்று சொன்னேனே. பிள்ளைக்கு என்ன பேர் வைக்க நினைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையிடம் கேட்டேன், அவள்தான் வைத்திருந்தாள், என்னிடமும் சொல்லவில்லை மாமா என்றார். உறையைச் சனிக்கிழமை பூசைக்கு முன்னால் சாமியாரிடம் கொடுக்க வேண்டும், தாத்தா பேருக்குக் கீழே ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன். போன் பேச வேண்டாம். பேரை மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா