எங்கள் தியேட்டரில் மறுபடி பாட்டுக் கேட்கிறது

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். மூடிக்கிடந்த பழைய தியேட்டரைப் பாட்டு மேடையாக்கி நாங்கள் நடத்திய முதல் நிகழ்ச்சி முடிந்த இரவு மேடையில் நின்று நன்றி சொல்லத் தொடங்கினேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் காலை பஸ் தரிப்பிடத்தில் ஓர் அக்கா, "என்னா டீச்சர், மேடையில சாக்குத் தச்சவங்களப் பத்திப் பேச்சே வரலயே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அன்று முழுக்க அதுவே மனதை அரித்தது. சொல்லாமல் விட்ட நன்றியை எல்லாம் இந்த மடலில் சொல்லிவிடுகிறேன்.

உதவியவர்களில் பாதிப் பேர் எங்கள் தியேட்டரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் பிள்ளைகள், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் அக்காமார், நீலகிரியில் இருக்கும் உறவுகள் என்று எங்கெங்கோ இருந்து கை நீண்டது. அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

அட்டன் ஸ்டேசனைத் தாண்டி, சிங்கமலைச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், ரயில் பாதையோரமாக இருக்கும் சிறிய டவுண் எங்களுடையது. தியேட்டர் அறுபதுகளில் கட்டியது. கல் அத்திவாரம், தகரக் கூரை, முகப்பில் மட்டும் கொஞ்சம் சீமெந்து அலங்காரம். படப்பெட்டி கொழும்பிலிருந்து கோச்சியில் வரும். பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்கவே ஸ்டேசனில் ஒரு கூட்டம் நிற்குமாம். சம்பளம் போட்ட வாரம் என்றால் தோட்டத்தின் மேல், கீழ்ப் பிரிவுகளான மேற்கணக்கு, பணியக்கணக்கு எல்லாம் இறங்கி வரும். ஆண்கள் தலையில் கம்பளி, பெண்கள் இடுப்பில் பிள்ளை. கலரியில் பெஞ்சுதான்; பல்கனியில் கணக்கப்பிள்ளைமார் குடும்பங்கள். என் அம்மா கல்யாணம் முடிந்து முதல் முதலாகத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே போனது அந்தக் கலரிக்குத்தான். படத்தின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. பாட்டு வந்தபோது பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடியது மட்டும் ஞாபகமிருக்கிறது.

படப்பெட்டியைக் கொண்டுவந்த அதே தண்டவாளம்தான் எங்கள் சனத்தைக் கொண்டுபோனதும். 1948இல் இலங்கையில் எங்கள் தோட்டத்துச் சனத்தின் பிரசாவுரிமை, அதாவது குடியுரிமை, போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. என் அம்மாவின் கூட்டாளிகள் மூன்று பேர் அந்தக் கோச்சியில் போனவர்கள். போவதற்கு முதல் வாரம் எல்லோருமாகச் சேர்ந்து இந்தத் தியேட்டரில் ஒரு படம் பார்த்தார்களாம்.

ஆப்பரேட்டர் தாத்தாவுக்கு என் முதல் நன்றி. பதினாறு வயதில் டிக்கட் கிழிக்க வந்தவர், கடைசிக் காட்சி வரைக்கும் மேலே அந்தச் சின்ன அறையில் நின்றவர். தியேட்டரை எடுத்து நடத்தப் போகிறோம் என்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "மெசின் ரூமை இடிக்க மாட்டீங்கல்ல?" இடிக்கவில்லை. இரண்டு புரொஜெக்டரும் அங்கேயே இருக்கின்றன. இரண்டு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் தாத்தாவுக்குச் சந்தோசம் தாங்காது. ஒரு ரீல் 2,000 அடி. நிமிசத்துக்கு 90 அடி ஓடும். 22 நிமிசத்தில் தீர்ந்துவிடும். திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டப் புள்ளி மின்னும். அதைக் கண்டதும் அடுத்த மெசினை ஓடவிட வேண்டும். இரண்டாவது புள்ளிக்கு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். கீழே இருப்பவருக்குத் தெரியவே கூடாது. வெளிச்சம் பல்ப்பில் இல்லை, இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவில் எரியும் தீயில். குச்சி தேயத் தேய இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய வலது கட்டைவிரலில் அந்தச் சூடு பட்ட தழும்பு இன்னும் வழவழப்பாக இருக்கிறது. இப்போது அந்த அறையின் சதுரத் துவாரங்கள் வழியாகத்தான் எங்கள் ஒலி, ஒளிப் பிள்ளைகள் மேடையைப் பார்க்கிறார்கள். தாத்தா ஒரு ஸ்டூலைப் போட்டு அவர்கள் பக்கத்தில் இருக்கிறார்.

மலையகத் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வந்தது. தோட்டத்துச் சனத்தின் வாழ்க்கையைச் சொன்ன படம். அது இங்கே ஓடியபோது, திரையில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம் வந்ததும் கலரியில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார் என்று தாத்தா சொல்வார். நம்மையும் காட்டுவார்கள் என்று அதுவரை அவர் நினைக்கவில்லையாம்.

தமிழர் மேல் நடந்த 1983 யூலைக் கலவரத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. எங்கள் டவுணிலும் கடைகள் எரிந்தன. தியேட்டரின் திரையும் முன்வரிசைகளும் எரிந்தன. அன்று இரவு தாத்தாவின் குடும்பத்தைப் பாண் சுடும் போறணைக்குப் பின்னால் மா மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக் காப்பாற்றியவர் பக்கத்துப் பேக்கரிச் சிங்கள மாத்தயா. இப்போது அவர் இல்லை. போறணையை நடத்தும் மகன், வேலை நடந்த ஐந்து மாதமும் மாலை நான்கு மணிக்கு ஒரு தட்டு பணிஸ் அனுப்பினார். ஒரு நாளும் காசு வாங்கவில்லை. காசைப் பற்றிப் பேச்செடுத்தால், "அப்பா இருந்திருந்தா வாங்குவாரா?" என்று தமிழிலேயே கேட்டார். அவருக்கும் அவருடைய அம்மாவுக்கும் எங்கள் கும்பிடு.

அதன்பிறகு தியேட்டர் திருத்தப்பட்டுச் சில வருடம் ஓடியது. டீவி வந்தது, வீடியோ டெக் வந்தது, லயத்துக்கு லயம் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். கதவு மூடியது. உரமூட்டை அடுக்கினார்கள், பிறகு உருளைக்கிழங்கு அடுக்கினார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதை யாரும் தியேட்டர் என்றே சொல்லவில்லை, ஸ்டோர் என்றுதான் சொன்னார்கள். கட்டிய முதலாளியின் பேரப்பிள்ளைகள் நினைத்திருந்தால் நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். எங்களுக்குப் பத்து வருடக் குத்தகைக்குத் தந்தார்கள். முதல் வருடக் காசை வேண்டாம் என்றார்கள். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மற்ற எதுவும் இல்லை.

எதற்காக ஒரு பாட்டு மேடை என்று கேட்டவர்கள் உண்டு. வீடு இல்லை, காணி இல்லை, சம்பளம் போதவில்லை, இதில் பாட்டா? நியாயமான கேள்வி. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய காலத்தில், கூட்டங்களில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மை பாடுவார். சனம் அறிந்த மெட்டுகளில் சனத்தின் துயரத்தைப் பாடினார். எங்கள் மண்ணில் வீடும் காணியும் சம்பளமும் கேட்ட குரல் பாட்டோடுதான் எழும்பியது. 2023இல் எங்கள் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். கால் கொப்பளித்த நேரத்தில் எங்களை இழுத்துக்கொண்டு போனது பாட்டுத்தான். இதை உட்கார்ந்து கேட்க எங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த ரோட்டில்தான் வந்தது.

இனிச் சாக்கு விசயம். உரமும் கிழங்கும் வெளியே போனபின் வெறும் மண்டபத்தில் நின்று ஒரு கை தட்டினோம். தகரமும் சுவரும் அந்த ஒரு தட்டைத் திருப்பித் திருப்பி எறிந்தன. பாடிப் பார்த்த தங்கச்சியின் ஒரு சொல்கூட விளங்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர் லீவுக்கு வந்து, பலூன்களை உடைத்து உடைத்துப் போனில் பதிந்து கணக்குப் பார்த்தார். சுவரில் மெத்தென்று தடிப்பாக எதையாவது தொங்கவிட வேண்டும், அதுவும் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. அப்போதுதான் தப்பு மேளம் மாதிரிக் கனத்த ஓசையும் அடங்கும் என்றார். கடையில் கிடைக்கும் பலகைகளின் விலையைக் கேட்டுவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்தோம். அப்போது ஓர் அக்காதான், "படங்குச் சாக்கு ஆகாதா?" என்று கேட்டார்.

கொழுந்து எடுக்கும்போது பனியும் முள்ளும் படாமல் இடுப்பில் கட்டுகிற அதே படங்கு. ஆறு தோட்டங்களிலிருந்து பழைய சாக்கு வந்தது. ஒரு சாக்கில் தேயிலைச் சாயம், ஒன்றில் அட்டை கடித்த இரத்தக்கறை, ஒன்றின் ஓரத்தில் யாரோ சிவப்பு நூலால் போட்ட ஓர் எழுத்து. தென்னந்தும்பை உள்ளே அடைத்து, மெத்தை மாதிரி குறுக்கும் நெடுக்கும் தைக்க வேண்டும். இரண்டு மாதம், வேலை விட்டு வந்து, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தைத்தார்கள். காலையில் எட்டுப் பத்துக் கிலோ சுமந்த தோள்கள் அவை. ஆப்பரேட்டர் தாத்தா மட்டும் பிடிவாதமாக நின்றார்: "ஒருக்கா எரிஞ்ச எடம் புள்ள. சாக்குத் தொங்கவிடுறதுன்னா தீப்புடிக்காத மாதிரி செய்யணும்." அதனால் ஒவ்வொன்றையும் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரில் முக்கிக் காயவைத்தோம். ஒரு துண்டை வெட்டி நெருப்புக் காட்டிப் பார்த்தோம். கருகியது, சுடர் பிடிக்கவில்லை. அதன்பிறகே தாத்தா ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தார்.

அக்காமாரே, எல்லாம் தொங்கவிட்டபின் மறுபடி கை தட்டியபோது ஒரே ஒரு தட்டுத்தான் கேட்டது. அந்த நிமிசம் உங்கள் முகங்களில் கண்டதை நான் எப்படி மறப்பேன்?

தப்புக்காரப் பெரியவர்களிடம் நான் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். பெரட்டுக்கும் சாவுக்கும் அடிக்கிறவர்கள் என்று உங்களை எத்தனை காலம் ஓரத்தில் நிறுத்தினோம். நல்ல காரியத்துக்கு வெளியூர் பாண்டைக் கூப்பிட்டுவிட்டு உங்களை வாசலுக்கு அந்தப்பக்கம் வைத்த வீடுகளில் என் வீடும் ஒன்று. அப்படியிருந்தும் கூப்பிட்டதும் வந்தீர்கள். நிபந்தனை ஒன்று வைத்தீர்கள்: "காமனை மண்ணுலதான் நடணும். மாசி மாசம் களத்துல ஆடுற காமன் கூத்தை மேடையில ஆட மாட்டோம். பாட்டை மட்டும் தர்றோம்." அது சரியான நிபந்தனை. காமனை இழந்த ரதியின் ஒப்பாரியை மட்டும் பாடினீர்கள். மண்டபத்தில் அழாதவர் இல்லை.

கோத்தகிரியில் இருக்கும் பாட்டி, இந்த மடலை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். கொழுந்துப் பாட்டு ஒன்று எங்களுக்கு இரண்டு அடிகள்தான் தெரிந்திருந்தது. அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டதைப் பற்றிய பாட்டு. மிச்சத்தை இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒப்பாரிக் கோச்சியில் போனபோது நீங்கள் சின்னப் பிள்ளை. அந்தப் பாட்டை முழுதாகப் பாடிப் பேத்தியின் போனில் அனுப்பினீர்கள். நடுவில் இருமினீர்கள், ஓர் அடியை மறந்து திரும்பத் தொடங்கினீர்கள். அந்த இருமலோடுதான் எங்கள் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். என் அம்மா கேட்டுவிட்டு, "இது அவ குரல்தான்" என்றார். நீங்கள் அம்மாவின் கூட்டாளி யாருடையவோ தங்கையா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வயரிங் முழுதையும் சாமான் விலைக்கே செய்து தந்த அண்ணன், பெஞ்சுகளைச் செப்பனிட்ட ஆசாரி மாமா, தகரத்தில் 46 ஓட்டை அடைத்த இரண்டு தம்பிமார், மலசலகூடத்தைத் தேய்த்துக் கழுவிய உயர்தர வகுப்புப் பிள்ளைகள், டுபாயிலிருந்து மாதம் தவறாமல் பத்துத் திர்ஹம் அனுப்பும் அக்கா. அக்கா, அந்தப் பத்தின் கனம் எங்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் எங்களால் முடியவில்லை: மழை. தகரத்துக்குக் கீழே தடுப்புப் போடக் காசு பற்றவில்லை. அதனால்தான் மழை குறைந்த பெப்ரவரியில் நாள் குறித்தோம். ஆனாலும் அன்று எட்டு மணிக்குக் கொட்டத் தொடங்கியது. பாடிக்கொண்டிருந்த தங்கச்சியின் குரல் மழையில் அமிழ்ந்தது. மேலே ஒலிப்பிள்ளைகள் கையைப் பிசைந்தார்கள். சனம் எழும்பிப் போய்விடும் என்று நான் பயந்தேன்.

யாரும் எழும்பவில்லை. தியேட்டருக்குப் பின்னால், பழைய டிக்கட் கூண்டின் தாழ்வாரத்தில், தப்புக்காரத் தாத்தா வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பனியிலும் ஈரத்திலும் தோல் தொய்ந்துவிடும். சூடு காட்டினால்தான் இறுகும். விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காய்ச்சினார். மறுபடி சுண்டினார். பிறகு எழுந்து, மைக் இல்லாத பக்கமாகவே மேடையில் ஏறி, மழைக்கு மேலே அடித்தார். கலரி பெஞ்சில் இருந்த என் அம்மா எழுந்து நின்று கை தட்டினார்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் டீச்சர்