காரைக்குடிக்குப் பினாங்குதான் உறவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆன நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசை. மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனோடு நம் ஊர் சகோதர நகர ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

ஜார்ஜ் டவுனை 1786-ல் நிறுவியவர் பிரான்சிஸ் லைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வரைந்து கொடுத்தவர் அவர் மகன் வில்லியம். அந்த அப்பன்-மகன் தொடர்புள்ள இரண்டு ஊர்களும் 1973-லேயே சகோதர நகரங்கள் ஆகிவிட்டன. நமக்கோ, வீட்டுக்கு வீடு அங்கே கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்திப் பொருள் ஈட்ட, போன ஐயாமார் உண்டு. எங்கள் ஐயா கடையின் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, உதவியாளரான அடுத்தாளாகி, கடையையே நடத்தும் மேலாளாகத் திரும்பியவர். தைப்பூசத்துக்கு அங்குள்ள தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வெள்ளித்தேர் 1894-ல் காரைக்குடியில் செய்து அனுப்பியதுதான்.

பொன்னாடையும் புகைப்படமுமாக முடிகிற ஒப்பந்தம் வேண்டாம். கொத்தனார்கள் போய் வரட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றப் பகுதியில்) ஈரம் ஏறிய சுவரை ஓர் ஒப்பந்தக்காரர் சிமெண்டால் பூசினார். ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பாளம் பாளமாக விழுந்தது. பக்கத்தில் நூறு வருஷமாகக் கண்ணாடிபோல் மின்னிய, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த முட்டைப் பூச்சையும் சேர்த்துக்கொண்டு போனது. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். பழைய பூச்சு தெரிந்த கை தேடி மூன்று மாதம் அலைந்தோம். வந்தவருக்கு வயது எழுபதுக்கு மேல். அரைத்த சுண்ணாம்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, "இன்னும் நாலு நாள் புளிக்கட்டும் ஆச்சி" என்றார். அவரோடு கற்றுக்கொள்ள ஒரு பையன்கூட வரவில்லை.

ஜார்ஜ் டவுனிலும் பழைய கட்டடங்கள் சுண்ணாம்புச் சுவர்கள்தான். 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த நகரம் அது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் உத்தேசப் பட்டியலிலேயே காத்துக்கிடக்கின்றன. குடியிருக்கிற வீட்டையும் வியாபாரம் நடக்கிற கடையையும் கெடாமல் எப்படிக் காக்கிறார்கள் என்று நம் இளைஞர்கள் நேரில் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பலகையில் வர்ணம் ஊற்றித் தரைக்கல் வார்க்கும் ஆத்தங்குடிக்காரர்கள் அங்கே போய்த் தங்கள் தொழிலைக் காட்ட வேண்டும். வருஷத்துக்கு நாலு பேர் போனாலே போதும்.

ஐயா பினாங்கில் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியிலிருந்து எழுதிய கடுதாசிகள் எங்கள் பெட்டகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மாநகராட்சி இந்த வேலையைத் தொடங்கினால், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்