காட்டுயிர் ஒளிப்பட மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, இவ்வாண்டு மாதாந்திரத் திறனாய்வுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் தங்கள் படங்களைக் கேமராவிலிருந்து வந்தபடியே, வெட்டாமலும் வெளிச்சம் திருத்தாமலும், ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஆகிய விவரங்களுடன் காட்டினர். தொடக்கத்தில் வருகை குறைந்ததை மறைப்பதற்கில்லை. திருத்தாத படத்தைப் பலர் முன் வைக்க எவருக்கும் கூச்சம் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆயினும், எக்ஸ்போஷர் எனும் வெளிச்ச அளவிலும் காட்சியமைப்பிலும் நாம் அனைவரும் ஒரே வகைப் பிழைகளைத்தான் மீண்டும் மீண்டும் செய்து வந்திருக்கிறோம் என்பது அந்தக் கூச்சம் விலகிய பிறகே புலப்பட்டது.

மிகுதியான நேரத்தை எடுத்துக்கொண்டது வெண்கொக்கு. வெள்ளைப் பறவை என்றால் கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்ட வேண்டும் என்று பலரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். கொக்கு ஃப்ரேமை நிறைத்து நிற்கும்போது அது சரிதான். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளக்கும் கேமராவின் ஒளிமானி (மீட்டர்), வெண்மையையும் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது இருமடங்கு வெளிச்சத்துக்கு, கூட்டத்தான் வேண்டும். அதே கொக்கு இருண்ட நீர்ப்பரப்பின் நடுவே சிறியதாக நிற்கும்போது, மீட்டர் நீரின் இருளைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. அங்கே நாமும் கூட்டினால் இறகின் கோடுகள் அனைத்தும் வெளிறிப் போகின்றன. எனவே பறவையின் நிறத்தை மட்டும் பார்க்காமல், ஃப்ரேமில் அது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, அதைச் சூழ்ந்திருப்பது இருளா ஒளியா என்பதையும் பார்த்தே கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். வெளிறிய வானத்தில் பறக்கும் காக்கைக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டியிருப்பதும் இதே காரணத்தால்தான். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்பியவர்களும் இதில் ஏமாந்தனர்: சிறிய கொக்கின் வெளிறிய பகுதி, வரைபடத்தின் வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடாகவே விழும். கேமராத் திரையில் வெளிறிய இடங்களை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையே இங்கு அதிகம் பயன்பட்டது. சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தாலும் அந்த எச்சரிக்கையும் ஹிஸ்டோகிராமும் கேமரா பதப்படுத்திய ஜேபெக் முன்னோட்டத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றன என்பதால், இரண்டுமே உண்மையைவிடச் சற்று முன்கூட்டியே பயமுறுத்தும் என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வானத்திலிருந்து மரங்களின் முன்னால் இறங்கும் பருந்தின் மீது விழும் வெயில் மாறுவதில்லை. பின்னணி மட்டுமே மாறுகிறது. இத்தகைய நேரங்களுக்கு அளவுகளை நாமே நிர்ணயிக்கும் மேனுவல் முறையே ஏற்றது என்று கூட்டத்தில் முடிவு செய்து பயிற்சியும் எடுத்தோம். அப்போதும் சிலருடைய படங்களில் வெளிச்சம் ஏறி இறங்கியதற்குக் காரணம், அவர்கள் மேனுவலில் இருந்தபடியே ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டிருந்ததுதான். அவ்வாறு விட்டால் அது பெயரளவிலேயே மேனுவல்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் இரைச்சல், அதாவது புள்ளிப்புள்ளியான கரடுமுரடு, ஏறும் என்ற அச்சம் நம்மிடையே இன்னும் முழுமையாக நீங்கவில்லை. அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/250 வினாடி போதும் என்றிருந்தவர், அது சிறகு விரித்தவுடன் 1/2000க்கு மாற வேண்டும்; அது மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சமே சென்சாரை அடையும். அப்பெர்ச்சர் ஏற்கெனவே முழுமையாகத் திறந்திருந்தால், 400இல் இருந்த ஐஎஸ்ஓ 3200க்குத்தான் போக வேண்டும். இதற்கு அஞ்சி 800இல் நிறுத்தி, இருண்ட படத்தைக் கணினியில் இரண்டு ஸ்டாப் தூக்கியவர்களின் படங்களை, அதே வேகத்தில் 3200இல் எடுத்த படங்களுடன் அருகருகே வைத்துப் பார்த்தோம். இரைச்சலில் எந்த ஆதாயமும் இல்லை. பல கேமராக்களில் இருண்ட பகுதிகள் இன்னும் மோசமாகவே இருந்தன. சென்சாருக்கு வந்து சேர்ந்த வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே என்பதால் இதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

காட்சியமைப்பைப் பொறுத்தவரை, அதைக் கணினியில் செய்துகொள்ளலாம் என்ற எண்ணமே நமது முதன்மைக் குறை என்பது என் கருத்து. செயற்குழுவில் இதை அனைவரும் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். படத்தின் அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால், 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடுகிறது என்பது ஒருபுறம் இருக்க, வெட்டுவதால் பின்னணி மாறாது. நின்றபடி கீழ்நோக்கி எடுத்த நீர்ப்பறவைக்குப் பின்னால் ஓரடி தூரத்துச் சேறே தெரியும். அதே இடத்தில் மண்ணோடு மண்ணாகப் படுத்து, லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால், பின்னால் வருவது நெடுந்தொலைவிலுள்ள கரை. அப்பெர்ச்சரைச் சுருக்கிய எஃப் 8இல்கூட அது மென்மையாகக் கரைந்துவிடுகிறது. விலையுயர்ந்த லென்ஸ் வாங்கித்தான் பின்னணியை மங்கச் செய்ய வேண்டும் என்பதில்லை. தலைக்குப் பின்னால் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் படங்கள் பலவும் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் தப்பியிருக்கும். ஃபோகஸ் புள்ளியை எப்போதும் நடுவிலேயே வைப்பதால் விலங்கும் நடுவிலேயே நிற்பதும், அது பார்க்கும் திசையில் இடமில்லாமல் போவதும், காலோ வாலோ மூட்டருகே வெட்டுப்படுவதும் ஆண்டின் பிற்பகுதியில் குறைந்தன.

விலங்கைச் சிறியதாக வைத்து அதன் வாழிடத்தைக் காட்டும் படங்களுக்குத் தனி அமர்வு ஒன்று ஒதுக்கினோம். நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்ட அமெரிக்க ஒளிப்படக்காரர் ஜார்ஜ் ஷைராஸின் 74 காட்டுயிர்ப் படங்களைப் பற்றி அங்கே பேச்சு வந்தது. அவற்றுள், ஒளிப்பொடி வெளிச்சத்தில் இரவில் எடுத்த படங்களில் சூழ்ந்திருக்கும் இருளே காட்சியமைப்பாகிவிடுகிறது. நிழலில் விவரம் தெரியவில்லை என்று எல்லாப் படங்களையும் குறை கூறும் நம் வழக்கம் அன்று சற்றுத் தளர்ந்தது.

வருத்தத்துடன் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கூட்டை மறைத்திருந்த கிளையை ஒடித்து எடுக்கப்பட்ட படம் ஒன்று திறனாய்வுக்கு வந்தது. கிளையை ஒடித்தால் குஞ்சுகள் வெயிலுக்கும் வேட்டையாடும் விலங்குகளுக்கும் நேராக வெளிப்படும் என்பதால், படத்தின் நேர்த்தியைப் பேசாமலேயே செயற்குழு அதைத் திருப்பி அனுப்பியது. உறுப்பினரும் அதை ஏற்றுக்கொண்டார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வரும் ஆண்டிலும் திருத்தாத படங்களையே காட்டும் முறையைத் தொடரவும், பின்னொளிப் படங்களுக்கு இரண்டு களப்பயிற்சிகளை நடத்தவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. அவற்றையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்