கச்சான் காற்றும் முதியோர் தோலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வயதானவர்களுக்குக் கால், முதுகு அரிப்புக் கூடுகிறது. அழுக்கென்று எண்ணிச் சவர்க்காரத்தை இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். பாவம், அதுதான் கெடுதல். வயதானால் தோலில் எண்ணெய் சுரப்பது குறையும். மிஞ்சியதையும் சவர்க்காரம் கழுவிவிடும்.

குளிப்பு 10 நிமிடத்துக்குள் முடியட்டும். இளஞ்சூட்டு நீர் போதும். சவர்க்காரம் அக்குள், கவட்டி, பாதத்துக்கு மட்டும். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் முழுதாய்க் காயுமுன், 3 நிமிடத்துக்குள், வசலினோ தேங்காயெண்ணெயோ மயிர் சாயும் திசையில் பூசுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் மயிர்க்கால் அடைத்துப் பரு வரலாம். கால்விரல் இடுக்கில் பூசவே கூடாது. ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடித்துத் தோல் வெடிக்கும், நீரிழிவுக்காரருக்கு அந்த வெடிப்பே புண்ணாகலாம். உள்ளங்காலில் பூசினால் வழுக்காத காலுறை போடாமல் எழும்ப விடாதீர்கள், வழுக்கும்.

இரவில் அரிப்புக் கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம். எண்ணெய் அதைத் தீர்க்காது. மருத்துவர் தரும் மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். கிளினிக்குகளில் முதியோரின் சீனி, பிரஷர் பார்க்கும்போது முதுகையும் குதிகாலையும் ஒருமுறை பார்க்கும்படி சுகாதாரப் பகுதியினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதியோர் பராமரிப்பாளர்கள்,
உவர்மலை, திருகோணமலை.