கேலிச்சித்திரம், குறுக்கெழுத்து: ஜூன் சுவர் இதழ்

அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் மாதச் சுவர் இதழுக்கான சந்திப்பு ஜூன் 14, ஞாயிறு மாலை 5 மணிக்கு, மொட்டைமாடியில். மழை வந்தால் கீழே பார்க்கிங்கில்.

1. கேலிச்சித்திரம் ஏ4 தாளில், கறுப்பு மை பேனாவால். பென்சில் கோடு ஜெராக்ஸில் மங்கிவிடுகிறது. இம்மாதப் பொருள்: தண்ணீர் லாரி. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் வெள்ளைக்கார அரசையே கேலிச்சித்திரத்தில் கிண்டலடித்தார். நாம் லாரியையாவது கிண்டலடிப்போம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை வரைய வேண்டாம், போன தடவை பட்டது போதும்.

2. குறுக்கெழுத்து 9க்கு 9 கட்டம். உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம். போன மாதம் ‘மோர்க்குழம்பு’க்கு 6 கட்டம் போட்டுவிட்டேன்; எண்ணிப் பாருங்கள், 7. தப்பு என்னுடையதுதான். இரண்டு பேர் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம்.

3. அகராதிப் பொருளை அப்படியே குறிப்பாகத் தராதீர்கள். ‘தலைகீழாகத் திருப்பினாலும் மாறாத அரசவைக் கோமாளி (5)’ மாதிரி கொஞ்சம் சுற்றி வளைத்தால்தான் சுவை. விடையை இங்கே போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

4. பிள்ளைகளும் வரையலாம். அப்பா அம்மா கைவைக்கக் கூடாது, பார்த்தாலே தெரிந்துவிடும்.

வருபவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் பெயரும் ‘படம்’ அல்லது ‘புதிர்’ என்றும் பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது. சுண்டல் உண்டு.